ஃபிளட்டர் ஆப்பை ஆப்பிள் ஏற்காதா?

"ஃபிளட்டர், ரியாக்ட் நேட்டிவ் எல்லாம் வெப்சைட்டுக்கு மாட்டிய உறைதான். ஆப்பிள் ஏற்காது, நேட்டிவ்தான் ஒரே வழி" என்று சென்னை ஓஎம்ஆர் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. இது தவறு. இவை இரண்டும், ஒரே நிரலிலிருந்து ஐபோன், ஆண்ட்ராய்டு இரண்டுக்கும் ஆப் செய்யும் கருவிகள். நேட்டிவ் என்பது ஒவ்வொரு வகை போனுக்கும் அதற்கே உரிய மொழியில் தனித்தனியாக எழுதுவது.

ஆப்புக்குள் வெப்வியூ என்ற சின்ன பிரவுசரில் வெப் பக்கத்தைக் காட்டுவது கார்டோவா, அயோனிக் வகைக் கருவிகள். ரியாக்ட் நேட்டிவ் அப்படியல்ல. ஜாவாஸ்கிரிப்டில் எழுதினாலும் திரையில் வருவது போனின் சொந்தப் பட்டன்களும் பட்டியல்களும்தான். ஃபிளட்டர் இன்னொரு மாதிரி: டார்ட் என்ற மொழியில் எழுதிய நிரலை போனின் சிப்புக்கான இயந்திர நிரலாகவே மாற்றி, திரையைத் தானே வரைகிறது.

ஆப்களை ஏற்பதற்கான ஆப்பிளின் 4.2 விதி தடுப்பது, வெப்சைட்டை அப்படியே ஆப்பாகச் சுற்றித் தருவதைத்தான். எந்தக் கருவியில் எழுதினீர்கள் என்று அது கேட்பதில்லை.

சந்தேகத்துக்குப் பழைய காரணம் உண்டு. வெப் பக்கங்களை எழுதும் எச்டிஎம்எல்5ஐ நம்பியிருந்த தன் ஐபோன் ஆப்பை ஃபேஸ்புக் 2012இல் நேட்டிவாகத் திரும்ப எழுதியது. ஆனால் 2015இல் ரியாக்ட் நேட்டிவை வெளியிட்டதும் அதே நிறுவனம்தான். இந்த இரண்டாம் பாதி பகிரப்படுவதில்லை என்பதுதான் என் வருத்தம்.

தி.நகரில் கடை வைத்திருப்பவர் ஆர்டர் எடுக்க ஓர் ஆப் கேட்டால், ஐபோனுக்கு ஸ்விஃப்ட் மொழியில் ஒன்று, ஆண்ட்ராய்டுக்குக் கோட்லின் மொழியில் ஒன்று என இரண்டு தடவை செலவழிக்கத் தேவையே இல்லை. சரி, நேட்டிவ் வீணா? இல்லவே இல்லை. ஏஆர் (கேமராக் காட்சிமேல் கணினிப் படங்களைச் சேர்ப்பது), ஸ்மார்ட்வாட்ச், கேமராவை நுணுக்கமாகக் கையாளும் வேலை என ஆப்பின் உயிரே அதில் இருந்தால் நேட்டிவ்தான் நல்லது. ஃபிளட்டரில் எழுதிய ஆப்புக்கும் ஐபோன் முகப்பு விட்ஜெட்டை ஸ்விஃப்டில்தான் எழுதியாக வேண்டும்.