ஜிகோவை அந்த ஏழு ஆட்டங்களை வைத்து அளக்காதீர்கள்

தாய்லாந்து கால்பந்து பற்றிப் பேச்சு வந்தாலே கியாட்டிசுக் சேனாமுவாங்கை, அதாவது அவர் நாட்டுக்காரர்கள் ஜிகோ என்று கூப்பிடும் மனிதரை, "பெரிய ஆட்டக்காரர்தான், ஆனால் கோச்சாக உலகக் கோப்பைத் தகுதிச்சுற்றில் கோட்டை விட்டவர்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். இது அநியாயம்.

ஆட்டக்காரராக அவரைப் பற்றி யாருக்கும் சந்தேகம் இல்லை. 1973-ல் பிறந்த உடோன் தானிக்காரர், தாய்லாந்துக்காக அதிக கோல் அடித்தவர். 1998 பாங்காக் ஆசிய விளையாட்டில் ஒன்பது பேரோடு தென்கொரியாவை 2-1 என்று வீழ்த்திய ஆட்டத்தில் முதல் கோல் அவருடையது. இங்கிலாந்தில் ஹடர்ஸ்ஃபீல்டு கிளப் அவரை வாங்கிவிட்டு முதல் அணியில் ஒரு ஆட்டம்கூடக் கொடுக்காமல் அனுப்பியது. சரி, அது போகட்டும்.

நான் பேச வந்தது கோச் ஜிகோவைப் பற்றி. அவர் பொறுப்பேற்றபோது தாய்லாந்து தென்கிழக்கு ஆசியக் கோப்பையைத் தொட்டு 2002-க்குப் பிறகு பத்து வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது, இடையில் 2007, 2008, 2012 என்று மூன்று இறுதி ஆட்டங்களில் தோல்வி. அவர் 23 வயதுக்கு உட்பட்ட பையன்களோடு 2013-ல் தென்கிழக்கு ஆசிய விளையாட்டுத் தங்கத்தை வாங்கினார், அடுத்த வருடம் இஞ்சியோன் ஆசிய விளையாட்டில் நான்காவது இடம், அப்புறம் அதே பையன்களில் பலரை சீனியர் அணிக்கே கொண்டுவந்தார். பந்தைத் தூக்கி அடிக்காமல் தரையோடு குட்டிக் குட்டி பாஸ்களாக நகர்த்தும் ஆட்டம். ஐந்தேகால் அடிகூட இல்லாத சனாத்திப் என்ற பையனை நடுவில் நிறுத்தி அவனைச் சுற்றி ஒரு தேசிய அணியைக் கட்ட ஒரு கோச்சுக்கு எவ்வளவு நம்பிக்கை வேண்டும்!

2014 தென்கிழக்கு ஆசியக் கோப்பை இறுதியின் இரண்டாவது ஆட்டத்தைத் தேடிப் பாருங்கள். பாங்காக்கில் 2-0 என்று ஜெயித்துவிட்டு கோலாலம்பூர் போனார்கள், புக்கிட் ஜாலில் அரங்கம் நிரம்பி வழிகிறது, மலேசியா 3-0 என்று முன்னே போய்விட்டது, கோப்பை கிட்டத்தட்டக் கைநழுவிவிட்டது. அப்போதும் அந்தப் பையன்கள் பதறிக் கண்டபடி அடிக்கவில்லை. 82-வது நிமிடத்தில் சாரில் சப்பூய், 87-ல் சனாத்திப் கோல் அடித்தார்கள். இரண்டு ஆட்டமும் சேர்த்து மொத்தக் கணக்கில் தாய்லாந்துக்கு 4-3. ஆட்டக்காரராகவும் கோச்சாகவும் அந்தக் கோப்பையை வென்ற முதல் ஆள் ஜிகோதான், 2016-ல் மறுபடியும் வென்றார்.

இப்போது அந்தத் தகுதிச்சுற்று. ஈராக்கும் வியட்நாமும் இருந்த பிரிவில் முதலிடம் பிடித்துத்தான் தாய்லாந்து ஆசியாவின் கடைசி பன்னிரண்டு அணிகளுக்குள் போனது. அங்கே ஜப்பான், சவூதி, ஆஸ்திரேலியா, மூன்றுமே பிறகு ரஷ்யாவில் நடந்த 2018 உலகக் கோப்பைக்குப் போன அணிகள். ஏழு ஆட்டத்தில் ஒரு புள்ளி, அது ஆஸ்திரேலியாவோடு 2-2. ஜப்பானிடம் 0-4 என்று தோற்ற சில நாளில், 2017 மார்ச் கடைசியில் ராஜினாமா. அடுத்து வந்தவர் 2010 உலகக் கோப்பையில் கானாவைக் காலிறுதி வரை கொண்டுபோன மிலோவான் ராயெவாட்ஸ். மீதி மூன்று ஆட்டத்தில் அவருக்குக் கிடைத்ததும் ஒரே ஒரு புள்ளி! 2019 ஜனவரியில் ஆசியக் கோப்பையில் நம்ம இந்தியா தாய்லாந்தை 4-1 என்று அடித்ததே, சேத்ரி இரண்டு கோல் போட்டாரே, அதோடு ராயெவாட்ஸின் வேலையும் போனது. அந்த இந்திய வெற்றியை நாம் கொண்டாடினோம், கொண்டாட வேண்டியதுதான், ஆனால் அன்று சனாத்திப் முன்னே நின்று தவித்ததைப் பார்க்க எனக்குக் கஷ்டமாகவும் இருந்தது, ஏனென்றால் ஜிகோ கட்டிய அந்தப் பாஸ் ஆட்டம் அதற்குள் காணாமல் போயிருந்தது.

வியட்நாம்காரர்கள் ஜிகோவை இப்படி நடத்தவில்லை. ஹோவாங் ஆன் யா லாய் கிளப்புக்கு 2003, 2004 லீக் பட்டங்களை வாங்கித் தந்த முன்கள வீரர் அவர். பிறகு தாய்லாந்து கோச்சாக ஹனோய்க்கே போய் வியட்நாமை 3-0 என்று தோற்கடித்தார். அதற்கப்புறமும் 2021 சீசனுக்கு அதே கிளப் அவரைக் கூப்பிட்டு அணியைக் கையில் கொடுத்தது. கொரோனாவால் லீக்கை ரத்து செய்தபோது அட்டவணையில் முதலிடத்தில் இருந்தது அந்த அணிதான். தாய்லாந்து கால்பந்துச் சங்கத்துக்கும் 2017-ல் அந்தப் பொறுமை இருந்திருக்க வேண்டும், இன்னும் ஒரு நாலு வருடம் அவரிடமே அணியை விட்டிருக்க வேண்டும் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.