ஜெக்கில் நன்மையின் உருவம் அல்லர்
ஸ்டீவன்சனின் 1886ஆம் ஆண்டு நாவலான ‘டாக்டர் ஜெக்கிலும் மிஸ்டர் ஹைடும்’ கதையில், மருத்துவர் ஜெக்கில் தாம் தயாரித்த மருந்தைக் குடித்து ஹைட் என்ற வேறொரு மனிதராக மாறுகிறார். அந்த நாவலைப் பற்றி இங்கே வந்த கட்டுரை, ஜெக்கில் நன்மை, ஹைட் தீமை என்று பிரித்துவிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. ஹைட் முழுத் தீமைதான். ஜெக்கிலோ மருந்து குடிப்பதற்கு முன்பும் பின்பும் இரண்டும் கலந்த அதே மனிதர். பெயர் கெடாமல் ரகசிய இன்பங்களைத் தொடர வேண்டும் என்ற அவருடைய ஆசைதான் ஹைடுக்குக் கதவைத் திறந்தது. லண்டன் ரீஜண்ட்ஸ் பூங்காவில் நடக்கும் காட்சியைக் கட்டுரையாளர் ஏன் தொடவே இல்லை? கேரு என்பவரை ஹைட் கொன்ற பின் தர்ம காரியங்களில் இறங்கிய ஜெக்கில், பெஞ்சில் அமர்ந்தபடி, அடுத்தவர் துன்பத்தைக் கண்டுகொள்ளாத மற்றவர்களைவிடத் தாம் மேல் என்று பெருமிதம் கொள்கிறார். அந்தக் கணத்திலேயே, மருந்தில்லாமலே, ஹைடாகிவிடுகிறார். நாவலில் என்னை மிகவும் நடுங்கவைத்த இடம் அது, கொலைக் காட்சிகூட அல்ல. கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒரு வாசகர் ‘பாவம் ஜெக்கில்’ என்று இரங்கியிருக்கிறார். கைத்தடியால் அடிபட்டுச் செத்த முதியவர் கேருவுக்கு அந்த இரக்கத்தில் கொஞ்சமாவது பங்கு வேண்டாமா?