தூரம் மட்டுமல்ல, திசையும் முக்கியம்
சைக்கிளில் வேலைக்குப் போகிறவர் புறநகரில் வீடு தேடும்போது தூரத்தையும் வாடகையையும் பார்த்தாலே போதும் என்று ஒரு கட்டுரையில் படித்தேன், அதை என்னால் ஏற்க முடியவில்லை, திசையையும் பார்க்க வேண்டும். கோவையின் மேற்கே பேரூர்ப் பக்கம் குடியிருந்து 2 வருடம் நகர நடுவில் இருக்கும் காந்திபுரத்துக்கு வேலைக்கு மிதித்தவன் நான். காலையில் கிழக்கே போகும்போது வெயில் நேராகக் கண்ணில் அடிக்கும், சாயங்காலம் மேற்கே திரும்பினால் மறுபடியும் அதே வெயில், ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்கே மலை இடைவெளியான பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று வேறு எதிரே நின்று தள்ளும், களைத்த காலுக்கு அது மேடு ஏறுவது மாதிரிதான். அப்புறம் நகரின் கிழக்கே இருக்கும் இருகூருக்கு மாறினேன். தூரம் கூடிவிட்டது, ஆனால் இரண்டு வேளையும் வெயில் முதுகில். காலையில் எதிர்க்காற்று இருக்கிறது, சரி, அப்போது காலில் தெம்பும் இருக்கிறது. அந்தப் பக்கத்துத் திருச்சி சாலையில் லாரிகள் அதிகம் என்பது உண்மை, அதனால் முடிந்தவரை உள்தெருக்களில்தான் வருகிறேன்.