மகள் ஒட்டிய போஸ்டர்

போன வாரம் மகளின் பள்ளிக்கூடத்திலிருந்து போன். "சார், நேர்ல ஒரு தடவை வந்துட்டுப் போங்க." பிளஸ் ஒன் படிக்கிறாள். வகுப்புச் சுவரில் ஏதோ போஸ்டர் ஒட்டிவிட்டாளாம். அதை லேமினேட் செய்து கொடுத்தவனே நான்தான், சிம்மக்கல்லில் இருக்கும் என் ஜெராக்ஸ் கடையில். திருநங்கை, திருநம்பி (பெண் என்று சொல்லி வளர்க்கப்பட்டு, தன்னை ஆணாக உணர்பவர்), ஊடுபால் (ஆண், பெண் என்ற இரண்டில் அடங்காத உடலமைப்போடு பிறந்தவர்), தன்பாலீர்ப்பு என்று ஒவ்வொரு சொல்லுக்கும் இரண்டு வரி விளக்கம். கீழே பெரிய எழுத்தில், "பேர் சொல்லிக் கூப்பிடுங்க."

அவளோடு படிக்கும் ஒரு பையனின் நடையைப் பார்த்து, எண்ணைச் சொல்லிக் கூப்பிடுகிறார்களாம். எந்த எண் என்று நம்ம ஊர்ப் பள்ளிகளில் படித்த யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. என் வகுப்பிலும் அப்படி ஒருவன் இருந்தான். ஒன்பதாவது பாதியில் நின்றுவிட்டான். அவனைக் கூப்பிட்டுச் சிரித்தவர்களில் நானும் உண்டு. அவன் முகம் இப்போதும் நினைவிருக்கிறது.

மன்னிப்புக் கேட்டுவிட்டு வரலாம் என்றுதான் பள்ளிக்குப் போனேன். "படிக்கிற வயசுல இதெல்லாம் எதுக்கு சார்?" என்றார்கள். அந்தப் பையனும் படிக்கிற வயதில்தானே இருக்கிறான்? கிண்டல் வகுப்பறையில் நடக்கிறது, அதற்குப் பதில் மட்டும் வெளியே போய்ச் சொல்ல வேண்டுமா? கேட்டேவிட்டேன்.

மகள் போனில் ஒரு கோர்ட் உத்தரவைக் காட்டினாள். ஒருவரையொருவர் நேசித்து, மதுரையிலிருந்து சென்னைக்குப் போய், வீட்டாரிடமிருந்து பாதுகாப்புக் கேட்ட இரண்டு பெண்களின் வழக்கு. 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் கொடுத்தது. தனக்கே இதில் போதிய புரிதல் இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, உளவியல் நிபுணரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டு எழுதியிருக்கிறார். ஒரு நீதிபதியே அப்படிச் செய்யும்போது நமக்கென்ன தயக்கம்? பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டங்களில் இதைப் பற்றிப் பெற்றோருக்குப் புரிய வைக்க வேண்டும் என்பதும் அந்த உத்தரவில் இருக்கிறது. நான் போன கூட்டங்களில் மார்க், ஃபீஸ், வேன் தவிர வேறு பேச்சே வந்ததில்லை.

சொந்தக்காரர்கள் சிலர், "பொம்பளப் பிள்ளைக்கு இது தேவையா, நாளைக்குக் கல்யாணம் பேசும்போது?" என்கிறார்கள். கூடப் படிக்கிறவனுக்காக எழுந்து நின்றாள் என்று தாராளமாகச் சொல்லுங்கள். எனக்கு அதில் பெருமைதான்.

போஸ்டரைக் கழற்றித்தான் கொடுத்தார்கள். ஓரம் கிழிந்திருந்தது. அடுத்த கூட்டத்தில் இதைப் பேச நேரம் வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். அந்த உத்தரவை அறுபது பிரதி எடுத்துக் கடையில் கட்டி வைத்திருக்கிறேன்.