அவள் பகடையை அவளே உருட்டட்டும்

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில், நம் டி&டி (Dungeons & Dragons) பகடை ஆட்டத்தில், என்ன நடந்தது என்று நம் குழுவில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். முழுக் கதையையும் மறுபடி சொல்லப்போவதில்லை. பகடை சரியாக விழாத ஒரு பிள்ளையைக் கிண்டல் செய்கிற அந்த ஸ்டிக்கர் வாட்ஸ்அப்பில் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. நேற்று ராத்திரிகூட ஒருவர் அனுப்பியிருந்தார். அதைப் பார்த்த பிறகு தூக்கம் வரவில்லை, எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். ஒருவருக்குப் பகடை தொடர்ந்து மோசமாக விழுகிறது என்பதற்காக அவர் கையிலிருந்து பகடையைப் பிடுங்கக் கூடாது. விளையாட்டுக்குக்கூடக் கூடாது. "உனக்கு ராசியில்லாத கை, நீ உருட்டாதே" என்று ஒரு காலேஜ் பிள்ளையைப் பார்த்து, எல்லோரும் சிரிக்கிற மாதிரி, சொல்லவே கூடாது.

ஆட்டத்தில் அந்தப் பிள்ளையுடைய கேரக்டர் ஹிட் பாயிண்ட் (உயிர்ப் புள்ளி) எல்லாம் போய்க் கீழே கிடந்தது. டெத் சேவ் உருட்ட வேண்டும், அதாவது கேரக்டர் பிழைக்குமா சாகுமா என்று இருபது முகப் பகடையை உருட்டிப் பார்ப்பது. 10 அல்லது அதற்கு மேல் விழுந்தால் வெற்றி. மூன்று தோல்வி என்றால் சாவு. 1 விழுந்தால் அதுவே இரண்டு தோல்வி. அவளுக்கு 1 விழுந்தது. அன்று முழுக்க அவளுக்கு அப்படித்தான் விழுந்துகொண்டிருந்தது. அடுத்ததற்குக் கை நீட்டும்போது பக்கத்தில் இருந்தவர் பகடையை எடுத்துக்கொண்டார். "நான் காப்பாத்துறேன் பாரு" என்று அவரே உருட்டினார். 4. கேரக்டர் செத்தது. சரி, இப்போது யார் மேல் பழி வர வேண்டும்? "அது உன் பகடையாச்சே, அதான்" என்றார்கள். அவள் உருட்டினாலும் அவள் குற்றம், அடுத்தவர் உருட்டினாலும் அவள் குற்றம்.

பகடைக்கு ஞாபகம் கிடையாது. போன முறை என்ன விழுந்தது, யார் கையில் இருந்தோம் என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. இருபது முகம் இருந்தால் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு முகத்துக்கும் இருபதில் ஒரு வாய்ப்பு. சரிபாதி வாய்ப்புள்ள ஒரு காரியத்தில் ஆறு முறை தொடர்ந்து தோற்பது அறுபத்து நான்கில் ஒன்று. அபூர்வம் மாதிரித் தெரியும். ஆனால் நான்கு பேர் உட்கார்ந்து ஆளுக்கு முப்பது தடவை அப்படி உருட்டினால், யாராவது ஒருவருக்கு அந்த மாதிரி ஆறு தோல்வி வரிசையாக விழுவதற்குப் பாதிக்கு மேல் வாய்ப்பு இருக்கிறது. அதாவது சராசரியாக இரண்டு ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு முறையாவது நம் மேஜையில் ஒருவர் மாட்டத்தான் போகிறார். இந்த முறை அவள் மாட்டினாள். ராசி எங்கே வந்தது இதில்?

"பகடையே கோணலாக இருக்கலாமே" என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி, அதற்கு வழியும் இருக்கிறது. தண்ணீரில் இனி கரையாது என்கிற அளவுக்கு உப்பைக் கரைத்துப் பகடையைப் போட்டால் மிதக்கும். சுண்டிவிட்டுச் சுண்டிவிட்டுப் பார்க்க வேண்டும். ஒரே முகம் திரும்பத் திரும்ப மேலே வந்தால் உள்ளே காற்றுக்குமிழியோ என்னவோ இருக்கிறது என்று அர்த்தம். கடல் தண்ணீரிலேயே போட்டுப் பார்த்தேன், மூழ்கிவிட்டது, அதனால் அது மோசமான பகடை என்று சொன்னவருக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: கடல் தண்ணீரில் உப்பு சுமார் 3.5 சதவீதம்தான், அதில் நல்ல பகடையும் மூழ்கும். நான் வாலிநோக்கம் உப்பை அள்ளிப் போட்டு அவளுடைய பகடையைச் சோதித்தேன். ஒவ்வொரு முறையும் வேறு வேறு முகம். பகடையில் ஒரு குறையும் இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், ரொம்ப நாளாக மனதில் இருக்கிறது. 1 விழுந்தால் வாள் உடைந்தது, வில்நாண் அறுந்தது, பக்கத்து ஆளைக் குத்திவிட்டாய் என்று நம் டிஎம் (ஆட்டத்தை நடத்துகிறவர்) சேர்த்துக்கொள்கிறாரே, அது 2014-ல் வந்த டி&டி ஐந்தாம் பதிப்பின் விதியிலேயே இல்லை. தாக்குதலில் 1 விழுந்தால் அடி படாது, அவ்வளவுதான் விதி. கூடுதலாக நாம் சேர்த்தது என்ன செய்கிறது தெரியுமா? முதல் லெவல் ஃபைட்டர் (சண்டை போடுகிற வகைக் கேரக்டர்) ஒரு சுற்றில் ஒரு முறை வெட்டுகிறார், 1 விழ 5 சதவீதம். இருபதாம் லெவல் ஃபைட்டர் நான்கு முறை வெட்டுகிறார், அதில் ஒன்றாவது 1 விழ 18 சதவீதத்துக்கும் மேல். கத்துக்குட்டியைவிட உலகத்திலேயே பெரிய வாள்வீரர்தான் அடிக்கடி தன் காலைத் தானே வெட்டிக்கொள்கிறார். அவள் ஃபைட்டர். ஏற்கெனவே பகடை வதைக்கிறது, அதன் மேல் நாமும் ஏறி மிதிக்கிறோம். எதிரி நன்றாக விலகினான், கேடயத்தில் பட்டுத் தெறித்தது என்று சொன்னாலும் அடி தவறியதுதானே? அவளைக் கோமாளி ஆக்கினால்தான் கதை நகருமா?

எங்கள் வீட்டில் தடைக்காலம் என்றால் தாயம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகெல்லாம் கரையில் கிடக்கும், ஆம்பளைகள் வலை பொத்திக்கொண்டிருப்பார்கள், நாங்கள் அம்மாச்சியோடு திண்ணையில் உட்கார்ந்துவிடுவோம். பித்தளைக் கட்டை இரண்டில் தாயம் விழ எட்டில் ஒரு வாய்ப்பு. இருபது முறை உருட்டியும் தாயம் விழாமல் காய் இறக்க முடியாமல் உட்கார்ந்திருப்பது ஏழு சதவீதம் நடக்கும். நடந்திருக்கிறது. எல்லோர் காயும் சுற்றி வரும்போது ஒருத்தி மட்டும் சும்மா உருட்டிக்கொண்டிருப்பாள். கடுப்பாகி யாராவது "கொடு, நான் போடுறேன்" என்றால் அம்மாச்சி கையைத் தட்டிவிடும். "அவ கட்டைய அவளே உருட்டட்டும்." அம்மாச்சிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நம் குழுவில் இஞ்சினியர்கள் இருக்கிறார்கள்.

"இதெல்லாம் ஒரு ஜோக், ஏன் இவ்வளவு சீரியஸ்?" என்று கேட்பீர்கள். கேட்டும்விட்டீர்கள். ராசியில்லாதவன் என்ற பேச்சு ஒரு ஆளை என்ன செய்யும் என்று நான் பார்த்திருக்கிறேன். என் சித்தப்பா ஒரு விசைப்படகில் பங்குக்குப் போய்க்கொண்டிருந்தார். கொஞ்ச நாள் தொடர்ந்து மீன்பாடு இல்லை. டீசல் காசுகூடத் தேறவில்லை. யாரோ ஒருவர் சிரித்துக்கொண்டே, இவன் ஏறினதிலிருந்துதான் என்றார். முதலில் அதுவும் ஜோக்தான். அப்புறம் ஒருநாள் படகுக்காரர், இன்னிக்கு நீ இரு, அடுத்த முறை பார்ப்போம் என்றார். அன்றைக்கென்று பார்த்து நல்ல பாடு. அவ்வளவு மோசமான நாட்களுக்குப் பிறகு வழக்கமான பாடு வந்தாலே அது அதைவிட நன்றாகத்தான் இருக்கும், சித்தப்பா ஏறியிருந்தாலும் அந்த மீன் வலையில் விழுந்திருக்கும். ஆனால் அதற்குப் பிறகு அவரை யாரும் ஏற்றவில்லை. கரைவலை இழுக்கப் போனார். கல்யாண வீட்டிலும் ஒதுங்கியே நிற்பார். கடல் அவருக்கு எதுவும் செய்யவில்லை, கூட இருந்தவர்கள் செய்தார்கள்.

ஆட்டத்தையும் கடலையும் ஒன்றாக்காதே என்பீர்கள். ஒன்றாக்கவில்லை. அந்தப் பிள்ளை கீழக்கரையிலிருந்து பஸ் மாறி வருகிறாள். வீட்டில் அனுமதி வாங்கவே எவ்வளவு பேச வேண்டியிருந்தது என்று எனக்குத் தெரியும். பெண்பிள்ளையை ராசியில்லாதவள் என்று சொன்னால் நம் ஊரில் அது பகடையோடு நிற்குமா? "அக்கா, நான் இனிமே வந்து பாத்துக்கிட்டு மட்டும் இருக்கேன், உருட்டல" என்று மெசேஜ் அனுப்பியிருக்கிறாள். இதைப் படித்துவிட்டு எனக்குக் கோபம் வரக் கூடாதா?

தோல்வியும் சுவாரசியம்தான் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஒத்துக்கொள்கிறேன். எப்போதும் ஜெயிக்கிற ஆட்டம் எனக்கும் வேண்டாம். "கவலைப்படாதே, அடுத்தது 20 விழும்" என்று ஆறுதல் சொன்னவர்களுக்கும் ஒரு வார்த்தை: அதுவும் அதே தப்புதான். பகடை கடன்பட்டிருக்கவில்லை. டிஎம் திரைக்குப் பின்னால் எண்ணை மாற்றிச் சொல்லட்டும் என்ற யோசனையும் வேண்டாம். அவள் கேட்டது இரக்கம் இல்லை.

வரும் ஞாயிறு ஆட்டத்தை நான் நடத்துகிறேன், டிஎம்மிடம் பேசிவிட்டேன். அந்த 4 அவள் உருட்டியது இல்லை, அதனால் செல்லாது. இரண்டு தோல்வியோடு அவள் கேரக்டர் இன்னும் உயிரோடு கிடக்கிறது. அவளிடமும் பேசினேன், யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறாள். வந்தால் அவள் பகடை, அவள் கை. 10-க்குக் கீழே விழுந்தால் சாவுதான், நான் எதையும் மாற்ற மாட்டேன். ஸ்டிக்கர் அனுப்பியவர்கள் அதற்குள் அதை அழித்துவிட்டு அவளிடம் நேரடியாகப் பேசுங்கள். முடியாது என்பவர்கள் சனிக்கிழமைக்குள் சொல்லிவிடுங்கள், உங்கள் நாற்காலியை எடுத்துவிடுகிறேன்.