குவாட் இல்லாத அக்காவுக்கு வாய்ப்பு உண்டா?

ஃபிகர் ஸ்கேட்டிங் பார்க்கிறவர்கள் மத்தியில் ஒரு பேச்சு ஓயவே மாட்டேன் என்கிறது. வயதில் மூத்த ஒரு வீராங்கனை ஐஸில் இறங்கினால் போதும், "பாவம், இந்தச் சின்னப் பிள்ளைகளோடு எப்படி மல்லுக்கட்டுவார்? ஆனாலும் என்ன அழகு, என்ன கலை!" என்று ஆரம்பித்துவிடுவார்கள். கேட்க இதமாகத்தான் இருக்கிறது. எனக்கு எரிச்சல் வருகிறது. டெக்னிக் எல்லாம் குவாட் (காற்றில் நாலு சுற்று சுற்றும் ஜம்ப்) குதிக்கிற பிள்ளைகளுடையது, மூத்தவர்களிடம் மிச்சமிருப்பது வெறும் நளினம் என்று அந்தப் பாராட்டுக்குள்ளேயே ஒரு தீர்ப்பு ஒளிந்திருக்கிறது. அந்தத் தீர்ப்பு தப்பு.

ஜப்பானின் கவோரி சகாமோட்டோவின் டபுள் ஆக்சல் என்ற ஜம்ப்பைப் பாருங்கள். காற்றில் இரண்டரைச் சுற்று, அவ்வளவுதான். ஜூனியர் பிள்ளைகள்கூடச் செய்வார்கள். ஆனால் அவர் வருகிற வேகம் இருக்கிறதே! குதிக்கப்போகிறார் என்று நமக்குத் தெரிவதற்குள் இடது கால் பிளேடின் வெளி எட்ஜிலிருந்து (விளிம்பிலிருந்து) எழும்பியிருப்பார். எழும்பிய இடத்துக்கும் இறங்கிய இடத்துக்கும் நடுவே அவ்வளவு ஐஸ் கிடக்கும். வலது காலில் பின்பக்கமாக இறங்கியபிறகும் வேகம் குறையாது, அப்படியே அடுத்த அசைவுக்குள் போய்விடுவார். நிறைய பேர் குவாடுக்கு முன்னால் நீளமாக ஓட்டம் எடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, வேகத்தைக் குறைத்து, இறங்கியதும் அங்கேயே தேங்கி நிற்பார்கள். எட்ஜைப் பிடித்து அந்த வேகத்தை உண்டாக்குவது எப்படி "கலை" மட்டும் ஆகும்? பல வருஷம் உழைத்தால்தான் கைக்கு வருகிற வித்தை அது.

கணக்காகவும் பார்த்துவிடலாம். பெய்ஜிங் ஒலிம்பிக் சமயத்துப் புள்ளிப் பட்டியலில், குவாட் லட்ஸ் என்ற நாலு சுற்று ஜம்ப்புக்கு அடிப்படை மதிப்பு 11.5. டபுள் ஆக்சலுக்கு 3.3. மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். ஆனால் தரத்தைப் பார்த்து ஜட்ஜுகள் அந்த மதிப்பில் பாதிவரை கூட்டலாம், பாதிவரை குறைக்கலாம். நாலு சுற்றையும் முடித்துவிட்டுப் பொத்தென்று விழுந்தால் 5.75 போய்விடும். விழுந்ததற்குத் தனியாக இன்னொரு புள்ளி அபராதம். கடைசியில் தேறுவது 4.75. அதே நேரம் அப்பழுக்கில்லாத டபுள் ஆக்சலுக்கு முழுத் தரப்புள்ளியும் விழுந்தால் 4.95!

சரி, விழாமல் நின்றுவிட்டால்? அங்கேதான் மூத்தவர்களின் ரசிகர்கள் கண்ணை மூடிக்கொள்கிறார்கள். 2022 பெய்ஜிங்கில் ரஷ்யாவின் அன்னா ஷெர்பகோவா 255.95 எடுத்துத் தங்கம் வாங்கினார். ஃப்ரீ ஸ்கேட்டில் (போட்டியின் நீளமான இரண்டாவது ஆட்டத்தில்) ஐந்து குவாட் போட்ட இன்னொரு ரஷ்யர் அலெக்சாண்ட்ரா ட்ருசோவாவுக்கு 251.73, வெள்ளி. குவாடும் டிரிபிள் ஆக்சலும் (மூன்றரைச் சுற்று) இல்லாமல் சுத்தமாக ஆடிய சகாமோட்டோவுக்கு 233.13, வெண்கலம். வெள்ளிக்கும் வெண்கலத்துக்கும் நடுவே 18 புள்ளிக்கு மேல். அந்த வெண்கலமும், முன்னிலையில் இருந்த ரஷ்யாவின் கமிலா வலியேவா ஃப்ரீ ஸ்கேட்டில் தடுமாறி விழுந்ததால் வந்தது. (ஊக்கமருந்து வழக்கில் வலியேவாவின் முடிவு பின்னால் ரத்தானது தனிக்கதை.) அதன்பிறகு சகாமோட்டோ 2022, 2023, 2024 என்று தொடர்ந்து மூன்று உலகப் பட்டங்கள் வென்றபோது ரஷ்யப் பெண்கள் உக்ரைன் போரால் வந்த தடையில் இருந்தார்கள். இதைச் சொல்வதால் அவர் சாதனை சிறுத்துவிடாது; சொல்லாமல் விட்டால் நாம் செய்கிற அலசல்தான் பொய்யாகும்.

ஆக, என் கணிப்பு இதுதான்: இளங்கன்று பயமறியாமல் குதித்து, குதித்ததெல்லாம் நின்றும்விட்டால் மூத்தவருக்கு முதலிடம் இல்லை. ஆனால் குதித்ததெல்லாம் நிற்பது அபூர்வம். அந்த இடைவெளிக்குள் நுழைய, தன் பக்கம் ஒரு ஓட்டையும் இல்லாமல் ஆட வேண்டும். அதிர்ஷ்டத்துக்காகக் காத்திருப்பவருக்கே இவ்வளவு கெடுபிடி.

அமெரிக்காவின் அலீசா லியூ விஷயம் இன்னும் சுவாரஸ்யம். சின்ன வயதில் டிரிபிள் ஆக்சலும் குவாட் லட்ஸும் போட்ட அதே பிள்ளை. 16 வயதில் போதுமடா சாமி என்று விலகிவிட்டார். 2024-ல் திரும்பி வந்து, 2025 பாஸ்டனில் உலகச் சாம்பியன். அந்த இரண்டு ஜம்ப்பும் இல்லாமலே! தோற்றுப்போனவர் சகாமோட்டோ. 2026 மிலான் ஒலிம்பிக்கிலும் லியூவுக்குத் தங்கம், சகாமோட்டோவுக்கு வெள்ளி, 17 வயது அமி நகாய்க்கு வெண்கலம். கடைசியில் சகாமோட்டோவின் வழிக்கு ஆப்பு வைத்தது குவாட் அல்ல, அதே வழியில் வந்த இன்னொருத்தர்.

மூத்தவர்களின் உண்மையான எதிரி பல நேரம் சொந்த நாட்டிலேயே இருக்கிறார். ரஷ்யாவின் எலிசவேத்தா துக்தமிஷேவா 2015-ல் உலகச் சாம்பியன், 24 வயதில் 2021 உலகப் போட்டியில் வெள்ளி, கையில் டிரிபிள் ஆக்சல். ஒரு ஒலிம்பிக்கூட ஆடவில்லை. ஒரு நாட்டுக்கு அதிகபட்சம் மூன்று இடம். ரஷ்யாவில் அந்த மூன்றுக்குள் நுழைவது உலக மெடல் வாங்குவதைவிடக் கஷ்டம். இத்தாலியின் கரோலினா கோஸ்ட்னருக்கு வீட்டில் அந்த நெருக்கடி இல்லை. 31 வயதில் 2018 பியோங்சாங்கில் ஐந்தாவதாக வந்தார். அவருக்கு அடுத்து ஆறாவது யார் தெரியுமா? 17 வயது சகாமோட்டோ.

சீனியர் வயதுவரம்பை 15-லிருந்து 17-க்கு உயர்த்தியது மூத்தவர்களுக்குப் பெரிய உதவி. உடம்பு வளரும்போது சுற்றும் வேகம் குறையும். முன்பு அந்த மாற்றம் வருமுன் ஒலிம்பிக் முடிந்துவிடும். இப்போது பலரும் அதைத் தாண்டித்தான் வர வேண்டியிருக்கிறது.

ஆனால் இந்த நம்பிக்கையை ஆண்கள் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். பெய்ஜிங்கில் அமெரிக்காவின் ஜேசன் பிரவுன் ஒரு குவாட்கூட இல்லாமல் பிரமாதமாக ஆடினார், ஆறாவது இடம். அதே போட்டியில் ஜப்பானின் 27 வயது யூஸுரு ஹன்யூ, குவாட் ஆக்சலுக்கே (நாலரைச் சுற்று) துணிந்து, விழுந்து, நான்காவது. ஏழு மாதத்தில் 17 வயது அமெரிக்கர் இலியா மலினின் அதே ஜம்ப்பை விழாமல் போட்டுக் காட்டினார். யானைக்கும் அடி சறுக்கும் என்பதுபோல மிலானில் அந்த மலினினும் விழுந்து எட்டாவது இடத்துக்குப் போனார். தங்கம் யாருக்குப் போனது? குவாட்களை வரிசையாக அடுக்குகிற இன்னொரு இளைஞர், மிகைல் ஷைதரோவுக்கு.