எத்தனை பாக்கெட் வைக்க?

மதுரை, குன்னத்தூர் சத்திரம். மீனாட்சி கோயிலுக்கு எதிரே, புது மண்டபத்துத் தூண்களுக்கு நடுவே முப்பது வருடம் மிஷின் மிதித்தவர் சோலைமலை. மண்டபத்துக் கடைகளை இங்கே மாற்றியபோது மிஷினோடு அவரும் வந்து சேர்ந்தார். அங்கே பேச்சுத் துணைக்கு யாளியாவது இருந்தது என்ற குறை அவருக்கு இன்னும் உண்டு. மதியம் மூன்று மணி. மிஷினில் முழுக்கை ஜாக்கெட் ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது, உள்ளே தடியாக ஃபிளானல் லைனிங். கார்த்தி ஒரு பேண்டோடு வருகிறான். வயது 26.

கார்த்தி: மாமா, இந்தப் பேண்டுக்கு உள்பக்கமாக ஒரு பாக்கெட் வைக்க வேண்டும். வெளியே தெரியக் கூடாது.

சோலைமலை: யாருக்குத் தெரியக் கூடாது? பொண்டாட்டிக்கு என்றால் உனக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லையே மாப்பிள்ளை.

கார்த்தி: பிக்பாக்கெட்காரனுக்கு. ஐரோப்பா போகிறேன். பாரிசிலும் ரோமிலும் கூட்டத்தில் உரசிக்கொண்டே உருவிவிடுவார்களாம். பாஸ்போர்ட்டை உடம்போடு வைத்துக்கொள்ள மணி பெல்ட் என்று ஒன்று விற்கிறார்கள்.

சோலைமலை: அதைப் போய்க் காசு கொடுத்து வாங்குவதா? உன் தாத்தா மாடு விற்ற பணத்தைப் பட்டாபட்டி டவுசர் பாக்கெட்டில் போட்டு, மேலே வேட்டியைக் கட்டி, சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் ஆற்றுக்குள்ளேயே நின்றார். ஒருத்தனும் தொடவில்லை. வேட்டிக்குள் கை விட எந்தத் திருடனுக்கும் கூச்சம் இருக்கும்.

கார்த்தி: வேட்டியோடு விமானம் ஏறச் சொல்கிறீர்களா?

சோலைமலை: நான் ஏன் சொல்கிறேன். எப்போது கிளம்புகிறாய்? அழகர் மலைக்குத் திரும்பிய பிறகுதானே?

கார்த்தி: மே கடைசியில்.

சோலைமலை: நல்லது. (பெருமூச்சு விட்டு, ஃபிளானலைத் தடவிப் பார்க்கிறார்.) அவகாசம் இருக்கிறது.

கார்த்தி: ஒரு பாக்கெட் வைக்க ஒரு மாதமா மாமா?

சோலைமலை: உனக்கில்லை, இந்த ஜாக்கெட்டுக்குச் சொன்னேன். ஒரு கஸ்டமர் குளிர் ஊருக்குப் போகிறார்கள். சரி, நீ தனியாகப் போகிறாயா, கூட்டத்தோடு போகிறாயா? அது தெரிந்தால்தான் எத்தனை பாக்கெட் என்று சொல்ல முடியும்.

கார்த்தி: அதுதான் தெரியவில்லை. அம்மா குரூப் டூர் என்கிறாள். எனக்குத் தனியாகச் சுற்ற ஆசை.

சோலைமலை: தனியாகவே போ. புது மண்டபத்தில் இரண்டு வகை வெள்ளைக்காரர்களையும் பார்த்தவன் நான். கூட்டமாக வருகிறவர்கள் கொடி பிடித்தவன் பின்னாலேயே வருவார்கள். இருபது நிமிடம்தான். விசிறி, பொம்மை, ஒரு போட்டோ, முடிந்தது. துணி கொடுத்துத் தைக்க அவர்களுக்கு ஏது நேரம்? தனியாக வருகிறவன் காலையில் அளவு கொடுப்பான், மாலையில் வந்து போட்டுப் பார்ப்பான், மறுநாள் கை நீளம் என்று திரும்ப வருவான். எனக்குச் சோறு போட்டது அவன்தான்.

கார்த்தி: இது உங்கள் வியாபாரக் கணக்கு மாமா. அடுத்து ரெடிமேட் சட்டை, தைத்த சட்டை என்று உவமை சொல்வீர்கள்.

சோலைமலை: வாயெடுத்தேன், கெடுத்துவிட்டாய். ஆனால் ஒன்று, தனியாக வருகிறவன் தொலைந்தும் போவான். ஒரு பையன் விளக்குத்தூண் எங்கே என்று கேட்டுப் போனவன் மாசி வீதியை நாலு சுற்று சுற்றி மறுபடி என்னிடமே வந்தான். நம் ஊர் சதுரத்துக்குள் சதுரம். ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி. எதில் நடந்தாலும் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடலாம். ரோமாபுரியில் அந்த வசதி இருக்குமோ என்னவோ.

கார்த்தி: போனில் வரைபடம் இருக்கிறதே.

சோலைமலை: போனையும் உருவிவிட்டால்? அதற்கு ஒரு பாக்கெட். (சாக்பீசால் பேண்டில் ஒரு கட்டம் போடுகிறார்.) அப்புறம்?

கார்த்தி: விசா காகிதங்கள். தனியாகப் போனாலும் இஷ்டத்துக்குப் போய்விட முடியாது. எந்த ஊரில் எத்தனை இரவு, எங்கே தங்கல் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். வங்கிக் கணக்கு காட்ட வேண்டும். 30,000 யூரோவுக்குக் குறையாமல் மருத்துவக் காப்பீடு வேண்டும். 2024 ஜூனிலிருந்து விசாக் கட்டணம் 90 யூரோ. கைரேகை கொடுக்கச் சென்னைக்கு வேறு போக வேண்டும். குரூப் என்றால் காகித வேலையை எல்லாம் அவர்களே தயார் செய்துவிடுவார்கள்.

சோலைமலை: கைரேகைக்குக் கட்டாயம் ஆளே போக வேண்டுமா? வயசானவர்களுக்கு விலக்கு கிடையாதா?

கார்த்தி: என் வயசுக்குக் கிடையாது.

சோலைமலை: உன்னை யார் கேட்டார்? (இன்னொரு கட்டம்.) காப்பீட்டுக்கு ஒன்று. இப்போதே நாலு ஆகிவிட்டது. பேண்டா, தபால் ஆபீஸ் பெட்டியா? நீ கூட்டத்தோடேயே போ மாப்பிள்ளை.

கார்த்தி: இப்போதுதானே தனியாகப் போ என்றீர்கள்?

சோலைமலை: அப்போது நாலு பாக்கெட் தெரியாதே.

கார்த்தி: குரூப் என்றால் எட்டு நாடு பன்னிரண்டு நாள் மாமா. காலை ஏழு மணிக்குப் பெட்டியோடு கீழே நிற்க வேண்டும். பைசா கோபுரத்துக்கு முன்னால் நின்று, அதைக் கையால் தாங்குவது போல ஒரு போட்டோ, உடனே பஸ்.

சோலைமலை: அனுபவம் உண்டு. வேனில் ஒரே நாளில் நவகிரகக் கோயில் ஒன்பதும் பார்த்தேன். வீடு திரும்பியதும் கேட்டபோது, சனி பகவானுக்கு எள் விளக்கு போட்டேனா செவ்வாய்க்குப் போட்டேனா என்று சொல்லத் தெரியவில்லை. அந்த வருடம் முழுக்க இரண்டு பேருமே என்னைக் கவனித்துக்கொண்டார்கள். அது சரி, அந்த ஊர் டிரைவர் இப்படி ஓட்டினால் தூங்கிவிட மாட்டானா?

கார்த்தி: அங்கே சட்டம். நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் நிறுத்தியே ஆக வேண்டும். ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரம், வாரத்தில் இரண்டு நாள் மட்டும் பத்து. வண்டியில் இருக்கும் கருவியே கணக்கு எழுதிவிடும். அதனால்தான் ஒருவர் பல் விளக்கத் தாமதம் செய்தாலும் டூர் மானேஜர் முகம் கறுத்துவிடுகிறது.

சோலைமலை: இதைத் திருமங்கலம் தனியார் பஸ் டிரைவரிடம் சொன்னால் ஸ்டியரிங்கைக் கட்டிக்கொண்டு அழுவார். சாப்பாடு?

கார்த்தி: நம் ஊர்க் குரூப் என்றால் ராத்திரிக்குச் சாம்பார் சாதம் கிடைக்கும். பாரிசுக்குப் போய்ச் சாம்பார் சாப்பிடுவதா மாமா?

சோலைமலை: ஏன், சாம்பார் உன்னை என்ன செய்தது?

கார்த்தி: அதற்கும் தனியாகப் போனால் வழி உண்டு. பாரிசில் லா ஷப்பேல் பக்கம் போனால் தெருவே ஈழத் தமிழர் கடைகள். தோசை, கொத்து ரொட்டி எல்லாம் கிடைக்கும். பிள்ளையார் சதுர்த்தியை ஒட்டித் தேர் ஓடும். தெருவில் தேங்காய் மலை மலையாகக் குவித்து உடைப்பார்கள்.

சோலைமலை: பாரிசில் தேரா? அப்போது தேங்காய்க்கு ஒரு பாக்கெட் வேண்டாம், அங்கேயே கிடைக்கும். தங்குவது எங்கே?

கார்த்தி: ஹாஸ்டல். ஒரே அறையில் ஆறு பேர், எட்டு பேர். மேலும் கீழுமாகக் கட்டில், பூட்டி வைக்கப் பெட்டி. நாமே சமைத்துக்கொள்ள அடுப்படியும் இருக்கும். ஜெர்மனியில் ஒரு பள்ளி ஆசிரியர் தொடங்கி வைத்தது. 1912-இல் ஆல்டெனா என்ற ஊரின் கோட்டையில் முதல் விடுதி வந்தது, இன்றும் அங்கே தங்கலாம்.

சோலைமலை: ரயிலில் அப்பர் பெர்த் மாதிரி என்று சொல். மேல் கட்டிலில் ஏற முழங்கால் ஒத்துழைக்குமா?

கார்த்தி: எனக்கு 26 வயது மாமா.

சோலைமலை: பொதுவாகக் கேட்டேன். முழங்கால் என்றால் எல்லாருக்கும் முழங்கால்தான்.

கார்த்தி: மூன்றாவது வழி ஒன்றும் இருக்கிறது. இளைஞர்களுக்கு மட்டுமான குரூப். ஒரு நியூசிலாந்துக்காரருக்கு ஐரோப்பாவைத் தனியாகச் சுற்ற மனசில்லை, கையில் காசும் இல்லை. மினி பஸ்ஸுக்கு முன்பணம் கட்டி ஆள் சேர்த்துக் கிளம்பினார். பயணம் முடிந்த பிறகு பஸ் விலை போகவில்லை. சரியென்று அதிலேயே அடுத்த டூர் விட்டார். 1962-இல் தொடங்கிய கான்டிக்கி கம்பெனி அதுதான்.

சோலைமலை: விலை போகாத வண்டிதான் கம்பெனியா? என் மச்சான் வீட்டு வாசலிலும் ஒன்று நிற்கிறது, கோழி அடைகிறது. ஆட்கள் எப்படி?

கார்த்தி: 18 முதல் 35 வயது வரை. பல நாட்டு இளைஞர்கள். பகலில் ஊர் சுற்றல், ராத்திரியில் ஆட்டம் பாட்டம். நடுவில் அவரவர் இஷ்டத்துக்கு விடும் நேரமும் உண்டு.

சோலைமலை: (மிஷினை நிறுத்தி) 52 வயசு என்றால் ஏற்ற மாட்டானா?

கார்த்தி: அதை நீங்கள் ஏன் கேட்கிறீர்கள்?

சோலைமலை: ஒரு பேச்சுக்கு.

கார்த்தி: ஏற்ற மாட்டார்கள்.

சோலைமலை: அப்போது அது வேண்டாம். விடு. ரயில்?

கார்த்தி: யூரெயில் பாஸ் எடுத்தால் 33 நாடுகளில் ரயில் ஏறலாம். 27 வயது வரைக்கும் விலை குறைவு. பிரான்சிலும் இத்தாலியிலும் வேக ரயிலுக்கு மட்டும் இருக்கைக்குத் தனியாகக் காசு.

சோலைமலை: 52-க்குத் தள்ளுபடி?

கார்த்தி: 60-க்கு மேல்தான் உண்டு. மாமா, அந்த 52 யார்?

சோலைமலை: ஜாக்கெட் கஸ்டமர். நீ கணக்கைச் சொல். கூட்டத்தில் போனால் கட்டின பணத்தோடு முடிந்துவிடுமா?

கார்த்தி: எங்கே முடிகிறது. டிரைவருக்கும் மானேஜருக்கும் நாளொன்றுக்கு இவ்வளவு என்று டிப்ஸ். விருப்பச் சுற்றுலா என்று ஒரு பட்டியல். போக விருப்பமில்லை என்றால் பஸ் நிறுத்தத்தில் உட்கார வேண்டியதுதான். வழிக் கழிப்பறைக்கும் பல இடங்களில் காசு. எல்லாவற்றையும் விடப் பெரிய கொள்ளை, ஒற்றை ஆளாகப் போனால் தனி அறைக்குக் கூடுதல் தொகை. விலை எல்லாமே இரண்டு பேர் ஓர் அறைக்கு என்றுதான். இல்லையென்றால் யாரோ ஒருவரோடு படுக்க வேண்டும். அவர் குறட்டை நம் அதிர்ஷ்டம்.

சோலைமலை: அதாவது, வீட்டிலிருந்தே கூட ஒரு ஆள் வந்தால் அந்தக் கூடுதல் தொகை மிச்சம்?

கார்த்தி: மிச்சம்தான். நண்பர்கள் ஒருவனுக்கும் லீவு கிடைக்கவில்லை.

சோலைமலை: சுவிட்சர்லாந்தில் மலைக்குக் கூட்டிப்போவார்களா?

கார்த்தி: நம் ஊர்க் குரூப் பெரும்பாலும் டிட்லிஸ் போகும். சுழன்றுகொண்டே ஏறும் ரோப் கார். மேலே நிலையம் 3,020 மீட்டர் உயரத்தில்.

சோலைமலை: கொடைக்கானல் எவ்வளவு?

கார்த்தி: 2,100 இருக்கும்.

சோலைமலை: (ஃபிளானலை மடித்து விரலால் கனம் பார்க்கிறார்.) அப்போது முதுகுக்கு இரண்டு மடிப்பு வைக்க வேண்டும். நல்ல வேளை கேட்டேன்.

கார்த்தி: நானும் குளிருக்கு ஒரு ஜாக்கெட் வாங்க வேண்டும்.

சோலைமலை: இதுவும் ஜாக்கெட்தான்.

கார்த்தி: மாமா, அந்தத் துணியைக் கொஞ்சம் காட்டுங்கள். (எடுத்துப் பார்க்கிறான்.) இந்த மயில் கழுத்துக் கலர்... போன தீபாவளிக்கு நான் அம்மாவுக்கு எடுத்துக் கொடுத்த புடவையின் பிளவுஸ் பிட் இது!

சோலைமலை: நல்ல துணி. சாயம் போகவில்லை.

கார்த்தி: அம்மாவிடம் பாஸ்போர்ட்டே கிடையாதே!

சோலைமலை: வந்து ஆறு மாதமாகிறது. ஆதாரில் திருத்தம் என்று சொல்லி உன் பைக்கிலேயே ஏறிப் போய்த்தான் போட்டோ எடுத்தார்கள். நீ வெளியே நின்று போன் பார்த்துக்கொண்டிருந்தாயாம்.

கார்த்தி: (ஸ்டூலில் உட்கார்கிறான்.) குரூப்பில்தான் போக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றது இதற்குத்தானா?

சோலைமலை: அப்படியெல்லாம் பிடிவாதம் இல்லை. "அவன் மனசு எந்தப் பக்கம் சாய்கிறது என்று நைசாகக் கேட்டு வையுங்கள் அண்ணே. கூட்டத்தோடு என்றால் கூட்டத்தோடு போவோம். தனியாகத்தான் போவேன் என்றால் இரண்டு பேருமாகத் தனியாகப் போவோம்" என்று சொன்னார்கள். பெருந்தன்மையான மனசு.

கார்த்தி: இரண்டு பேருமாகத் தனியாகவா!

சோலைமலை: ஹாஸ்டலில் கீழ்க் கட்டில் மட்டும் வேண்டும் என்று சொல்லிவிடலாம்.

(நீண்ட மௌனம். கார்த்தி பேண்டில் இருக்கும் சாக்பீஸ் கட்டங்களைப் பார்க்கிறான்.)

கார்த்தி: சரி மாமா. பாக்கெட்டையாவது ஒழுங்காகத் தையுங்கள்.

சோலைமலை: அது வேண்டாமாம். பாஸ்போர்ட், காப்பீடு, காசு எல்லாவற்றுக்கும் சேர்த்து ஜாக்கெட்டிலேயே ஜிப் வைத்து மூன்று பாக்கெட் தைக்கச் சொல்லியாகிவிட்டது. இரண்டு பேருடையதும் அதிலேயே இருக்கட்டும், அவன் எங்கேயாவது தொலைத்துவிடுவான் என்றார்கள். (சாக்பீஸ் கோடுகளைக் கையால் தட்டித் துடைத்து, பேண்டை மடித்துக் கொடுக்கிறார்.) இதற்குக் கூலி எதுவும் வேண்டாம்.